சோதனைக்குழாயின் வாய் எந்தப் பக்கம்?

இன்று கொஞ்சம் நீளமான பதிவு. பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பும் பெற்றோர் பொறுமையாக வாசிக்க வேண்டும்.

சில வருடங்களுக்கு முன் ஒரு பாடசாலையில் எங்கள் கண்முன் நடந்தது இது. பிள்ளைகள் குளுக்கோசுக்கான சோதனை செய்துகொண்டிருந்தார்கள். பெனடிக்ற் கரைசல் உள்ள சோதனைக்குழாயைக் கொதிநீர் முகவைக்குள் வைத்துத்தான் சூடாக்க வேண்டும். நேரம் போதாதென்று ஒரு மாணவன் குழாயை நேரே சுவாலையில் பிடித்தான். நீலக் கரைசல் சட்டென்று வெளியே பாய்ந்து பக்கத்துப் பிள்ளையின் கன்னத்தில் பட்டது. கண்ணுக்கு ஒரு விரற்கடை கீழே. ஓடும் தண்ணீரில் நெடுநேரம் கழுவினோம். அல்ஹம்துலில்லாஹ், சில நாட்கள் சிவந்திருந்ததோடு போயிற்று.

அன்று அந்த மாணவனை ஏசினோம். பிறகு யோசித்தபோது எங்களுக்கே வெட்கமாக இருந்தது. "குழாயின் வாயை ஆட்களை நோக்கிப் பிடிக்காதே" என்று சுவரில் எழுதி ஒட்டியிருந்தோம். ஏன் என்று ஒருநாளும் சொல்லிக்கொடுக்கவில்லை. பிழை எங்களுடையது.

அதன்பின் ஒவ்வொரு வருடமும் முதலாவது செய்முறைக்கு முன் இந்த விதிகளின் வரலாற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லி வருகிறோம். அதை உங்களுக்கும் சொல்கிறோம்.

ஏறத்தாழ 1,100 வருடங்களுக்கு முன் வாழ்ந்த மருத்துவர் அல்-ராஸி, 'கிதாப் அல்-அஸ்ரார்' என்ற நூலில் இரசாயன வேலையைப் பொருள்கள், கருவிகள், செய்முறைகள் என்று பிரித்து எழுதினார். கருவியைத் தெரியாமல் செய்முறைக்குப் போகக்கூடாது என்ற ஒழுங்கு அதிலேயே இருக்கிறது.

சோதனைக்குழாய் அவ்வளவு பழையதல்ல. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் புழக்கத்துக்கு வந்தது. அதுவரை வைன் குடிக்கும் கிண்ணம் போன்ற கண்ணாடிகளில்தான் சோதனை செய்தார்கள். குழாயைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்தவர்கள் என்று சுவீடனின் பெர்சீலியசையும் இங்கிலாந்தின் மைக்கல் பரடேயையும் சொல்வார்கள். குழாயால் வந்த பெரிய நன்மை, கொஞ்சப் பொருளே போதும் என்பது. பொருள் குறைந்தால் செலவும் குறையும், ஆபத்தும் குறையும்.

பரடே ஒரு கொல்லரின் மகன். புத்தகம் கட்டும் கடையில் தொழில் பழகியவர். 1812இன் கடைசியில் ஹம்பிரி டேவி என்ற பெரிய விஞ்ஞானி நைதரசன் முக்குளோரைட்டு வெடித்துக் கண்ணில் காயப்பட்டார். அதை முதலில் கண்டுபிடித்த பிரான்சு நாட்டு டூலோங் ஒரு கண்ணையும் விரல்களையும் இழந்திருந்தார். டேவிக்கு எழுத்து வேலையில் உதவப் போன பரடே, 1813 மார்ச்சில் ஆய்வுகூட உதவியாளரானார். அப்போது அவருக்கு வயது 21.

அடுத்த மாதமே அதே பொருள் அவர் கையிலும் வெடித்தது. சிறிய குழாயொன்றை விரல்களுக்கிடையில் பிடித்திருந்தார். உள்ளே இருந்தது ஏறக்குறைய அரைக் கிராம்தான். முகம் ஓர் அடி தூரத்துக்குள். குழாய் தூள்தூளானது, நகத்தின் ஒரு பகுதி பிய்ந்தது. ஆனால் முகத்தில் கண்ணாடிக் கவசம் அணிந்திருந்தார், கண் தப்பியது. அந்தக் கண்களோடுதான் 1831இல் மின்காந்தத் தூண்டலைக் கண்டுபிடித்தார். சுன்னாகத்தில் மின்பிறப்பாக்கி சுழல்வதும் அந்தத் தத்துவத்தில்தான். அரைக் கிராமுக்கும் கவசம் வேண்டும் என்று நாங்கள் பிள்ளைகளிடம் சொல்வது இதனால்தான்.

எங்கள் பாடசாலைகளில் அப்படியான வெடிபொருள் இல்லை. ஆனால் வெறும் தண்ணீரும் குழாயிலிருந்து பாயும். குழாய் ஒடுக்கமானது. அடியில் மட்டும் சூடாக்கினால் அங்கே உண்டாகும் ஆவி, மேலேயுள்ள திரவம் முழுவதையும் ஒரே தள்ளாகத் தள்ளும். அதனால்தான் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிரப்பக்கூடாது, பிடிகருவியால் பிடித்துச் சரித்து வைக்க வேண்டும், சுவாலையில் அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும், வாயை ஆளில்லாத பக்கம் திருப்ப வேண்டும்.

அமிலத்துக்கும் காரணம் உண்டு. சுட்ட சுண்ணாம்புக் கல்லில் தண்ணீர் விட்டால் கொதித்துச் சீறுவதை எங்கள் முதியவர்கள் பார்த்திருப்பார்கள். செறிந்த சல்பூரிக்கமிலத்தில் தண்ணீர் ஊற்றினாலும் அப்படித்தான், தண்ணீர் மேலேயே கொதித்துத் தெறிக்கும். ஆகவே அமிலத்தையே தண்ணீருக்குள் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்க வேண்டும்.

கண்ணாடியும் மாறியது. சாதாரண கண்ணாடி சூட்டில் அதிகம் விரியும். ஒரு பக்கம் சூடு, மறுபக்கம் குளிர் என்றால் வெடித்துவிடும். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஜேர்மனியின் ஜெனா நகரில் ஒட்டோ ஷொட் போரோசிலிக்கேற்றுக் கண்ணாடியை உருவாக்கினார். 1915இல் அமெரிக்காவில் பைரெக்ஸ் விற்பனைக்கு வந்தது. அது சாதாரண கண்ணாடியில் மூன்றிலொரு பங்கு அளவே விரியும். ஆனாலும் கீறல் விழுந்த குழாய் எந்தக் கண்ணாடியானாலும் குப்பைக்குத்தான்.

இனி எங்கள் மண்ணின் கதை. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிரீன் மானிப்பாயில் மருத்துவம் கற்பித்தார். நீர்வேலியிலிருந்து சைக்கிளில் போய்வரும் தூரம். முதலில் ஆங்கிலத்தில் படிப்பித்தவர், பின்னர் தமிழுக்கே மாறினார். அவரும் அவருடைய மாணவர்களும் சேர்ந்து உடற்கூறு, இரண வைத்தியம் என்று நூல் நூலாகத் தமிழாக்கினார்கள். அவர் ஊர் திரும்பிய பின், 1875இல் 'கெமிஸ்தம்' என்ற இரசாயன நூலும் அச்சாகியது. சுதந்திரத்துக்குப் பின் அரசு வெளியிட்ட சொற்றொகுதிகள் வழியாக 'ஐதான', 'செறிந்த' போன்ற சொற்கள் எங்கள் பாடநூல்களுக்கு வந்தன.

இவ்வளவு பேர் உழைத்தும், இன்றும் பல ஆய்வுகூடங்களில் அமிலப் போத்தல்களில் ஆங்கில லேபல் மட்டுமே இருக்கிறது. தமிழில் படிக்கும் பிள்ளைக்கு எது ஐதானது, எது செறிந்தது என்று போத்தலைப் பார்த்துத் தெரியாவிட்டால், சுவரிலுள்ள விதியால் என்ன பயன்? தமிழில் லேபல் ஒட்டுவதும் ஒரு பாதுகாப்பு வேலைதான்.

பழைய மாணவர்களிடமும் வெளிநாட்டு உறவுகளிடமும் ஒரு வேண்டுகோள். ஆய்வுகூடத்துக்கு ஏதாவது வாங்கிக் கொடுக்க நினைத்தால், குழாய்களோடு பாதுகாப்புக் கண்ணாடிகளையும் பிடிகருவிகளையும் சேர்த்து வாங்குங்கள். குழாய் உடைந்தால் இன்னொன்று வாங்கலாம்.

பெற்றோரிடமும் ஒன்று கேட்கிறோம். பிள்ளை இன்று செய்முறை செய்தேன் என்று வீட்டுக்கு வந்தால், எத்தனை புள்ளி என்று கேட்க முன், குழாயின் வாயை எந்தப் பக்கம் பிடித்தாய் என்று கேளுங்கள். ஏன் அப்படிப் பிடித்தாய் என்றும் கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாவிட்டால் பிள்ளையை ஏச வேண்டாம். எங்களிடம் வந்து கேளுங்கள்.