இரண்டாம் எதிர்ப்பொருள்: நிறம் காட்டும் சோதனையின் வரலாறு

கிருமியைப் பற்றிக்கொள்ள மனித இரத்தத்தில் உருவாகும் எதிர்ப்பொருளும் ஒரு புரதம்தான். அதைப் பிரித்தெடுத்து ஆட்டுக்கோ முயலுக்கோ ஊசியில் ஏற்றினால், அந்த விலங்கின் உடல் அதை அந்நியப் பொருளாகக் கொண்டு எதிர்ப்பொருளை உண்டாக்கும். எதிர்ப்பொருளைப் பற்றும் இந்த எதிர்ப்பொருளுக்கு ‘இரண்டாம் எதிர்ப்பொருள்’ என்று பெயர். இதனுடன் ஒளிரும் சாயத்தையோ நிறம் வரவழைக்கும் நொதியையோ பிணைத்துவிட்டால், கண்ணுக்குத் தெரியாத பிணைப்பு கண்ணுக்குப் புலப்படும். அப்படிப் பிணைத்த பொருளை ஆய்வகத்தார் ‘கான்ஜுகேட்’ என்பார்கள். கான்ஜுகேட்டுக்கு நோய் எதுவென்று தெரியாது. மனித எதிர்ப்பொருளை மட்டுமே அது அடையாளம் காணும். எனவே ஒரே புட்டியை வைத்துப் பல நோய்களைத் தேடலாம். தட்டில் பூசும் கிருமிப் பொருளை மாற்றினால் போதும்.

எதிர்ப்பொருளை எதிர்ப்பொருளால் பிடிக்கும் உத்தி சாயமோ நொதியோ இல்லாமல்தான் தொடங்கியது. தாயின் எதிர்ப்பொருள் குழந்தையின் சிவப்பணுக்கள்மேல் படிந்திருந்தாலும் அவை தாமாகக் கட்டிக்கொள்வதில்லை. மனிதப் புரதத்துக்கு எதிரான முயல் சீரத்தைச் சேர்த்ததும் அணுக்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு திரளும். கூம்ப்ஸ், மூரன்ட், ரேஸ் மூவரும் 1945-இல் வெளியிட்ட இந்தச் சோதனை இன்றும் ரத்த வங்கிகளில் நடக்கிறது.

எதிர்ப்பொருளோடு சாயத்தை இணைத்தவர் ஹார்வர்டின் ஆல்பர்ட் கூன்ஸ். 1941, 1942 ஆண்டுகளில் அவர் குழு ஒளிரும் சாயம் ஏற்றிய எதிர்ப்பொருளைக் கொண்டு நுண்ணோக்கியில் கிருமியைக் காட்டியது. ஒவ்வொரு கிருமிக்கும் தனித்தனியே சாயம் ஏற்ற வேண்டியிருந்ததுதான் சங்கடம். 1954-இல் வெல்லரும் கூன்ஸும் சாயத்தை இரண்டாம் எதிர்ப்பொருளுக்கு மாற்றியதும் அந்தச் சங்கடம் தீர்ந்தது.

சாயத்தைக் காண ஒளிர்வு நுண்ணோக்கி தேவை. யாலோவும் பெர்சனும் வகுத்த கதிரியக்க முறைக்கு ஐசோடோப்பும் அதற்கான காப்பும் தேவை. இந்த இரண்டு தடைகளையும் நீக்கியது நொதி. குதிரைமுள்ளங்கி என்னும் ஐரோப்பியக் கிழங்கிலிருந்து கிடைக்கும் பெராக்சிடேஸை எதிர்ப்பொருளோடு இணைக்கும் வழி 1966 முதல் உருவானது. ஸ்டாக்ஹோமில் ஏங்வாலும் பேர்ல்மனும் 1971-இல் எலிசா என்னும் நொதி அளவீட்டு முறையை அறிவித்தார்கள். அடுத்த ஆண்டே நொதி ஏற்றிய இரண்டாம் எதிர்ப்பொருளால் குறிப்பிட்ட எதிர்ப்பொருளை அளந்தார்கள். லண்டனில் வோலர் குழு 1974-இல் மலேரியாவுக்காக இதைச் சிறு குழிகள் கொண்ட பிளாஸ்டிக் தட்டுக்குக் கொண்டுவந்தது. ஒரு நொதி மூலக்கூறு ஆயிரக்கணக்கான நிறமிகளை உருவாக்குவதால் மிகச் சிறிய அளவும் தெரிந்தது. குளிர்பெட்டி, இன்குபேட்டர், கழுவும் கரைசல் இருந்தால் சோதனை நடக்கும். முடிவைக் கண்ணாலேயே ஓரளவு படிக்கலாம். ஆனால் கைப்பக்குவம் வேண்டும். கழுவுதல் குறைந்தால் எல்லாக் குழியும் நிறமாகும். சீரம் கெடாமலிருக்கச் சேர்க்கும் சோடியம் அசைடு பெராக்சிடேஸை முடக்கிவிடும்.

இதே விலங்குச் சீரக் கலையின் வேறொரு கிளை மாமல்லபுரம் கடற்கரையில் இருக்கிறது. வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றின் நஞ்சை எடுத்து விற்கிறது. மருந்து நிறுவனங்கள் அதைக் குதிரைக்குச் சிறிது சிறிதாக ஏற்றி விஷமுறிவு மருந்தைச் செய்கின்றன. விலங்கின் உடலைப் பட்டறையாக்கும் வேலை இரண்டிலும் ஒன்றே; விஷமுறிவு மருந்து நோயாளிக்குப் போகிறது, கான்ஜுகேட் தட்டுக்குப் போகிறது. கடித்த பாம்பின் நஞ்சை இரத்தத்தில் எலிசாவால் கண்டறியலாம் என்று 1977-இல் தீக்ஸ்டன் குழு லான்செட் இதழில் காட்டியது.

எலிசா எளிதில் கைகொடுக்காத நோய் தொழுநோய். செங்கல்பட்டை அடுத்த திருமணியில் 1924-இல் லேடி வில்லிங்டன் தொழுநோய் இல்லம் அமைந்தது. 1955-இல் மத்திய அரசு அதை ஏற்று மத்திய தொழுநோய் பயிற்சி மற்றும் ஆராய்ச்சி நிறுவனமாக்கியது. தொழுநோய்க் கிருமியை ஆய்வக ஊடகத்தில் வளர்க்க முடியாது என்பதால் இரத்தச் சோதனை நெடுங்காலம் எட்டாக்கனியாக இருந்தது. 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் பிரென்னன் கண்டறிந்த பி.ஜி.எல்.-1 என்னும் கொழுப்புப் பொருள் எலிசாத் தட்டுக்கு வந்தபோது, நோயாளிகளின் எதிர்ப்பொருள் பெரும்பாலும் ஐ.ஜி.எம். வகை என்று தெரிந்தது. அதைப் பற்றும் தனிக் கான்ஜுகேட் தேவைப்பட்டது. கிருமி குறைவாக உள்ள நோயாளிகளிடம் அந்த எதிர்ப்பொருளே பெரும்பாலும் தெரியாததால், எலிசா தோல் பரிசோதனையின் இடத்தைப் பிடிக்கவில்லை.

தமிழ்நாட்டில் எலிசாவின் பெயர் பரவியது எச்.ஐ.வி.யால். அமெரிக்காவில் 1985 மார்ச்சில் அனுமதி பெற்ற முதல் எச்.ஐ.வி. சோதனை, வைரஸ் புரதம் பூசிய பரப்பில் சீரத்தை இட்டு, பெராக்சிடேஸ் ஏற்றிய இரண்டாம் எதிர்ப்பொருளால் நிறம் பார்க்கும் முறையில் அமைந்தது. சென்னை மருத்துவக் கல்லூரி நுண்ணுயிரியல் பேராசிரியர் சுனிதி சாலமன் தம் மாணவி செல்லப்பன் நிர்மலாவிடம் எச்.ஐ.வி.யைத் தேடுவதையே ஆய்வுப் பொருளாகக் கொடுத்தார். நிர்மலா சென்னையில் காப்பகத்திலிருந்த பாலியல் தொழிலாளர்களிடம் இரத்தம் சேகரித்து, பிரித்த சீரத்தைத் தம் வீட்டுக் குளிர்பெட்டியில் பாதுகாத்தார். சென்னையில் அப்போது சோதனை வசதி இல்லை. 1986 பிப்ரவரியில் கணவரோடு இரவு ரயிலேறிக் காட்பாடியில் இறங்கி, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் ஜேக்கப் ஜான் நடத்திய வைரஸ் ஆய்வகத்தில் அவற்றைச் சேர்த்தார். சோதனையின் நடுவே மின்சாரம் போனது. திரும்பிவந்து பார்த்தபோது ஆறு குழிகள் மஞ்சளாகியிருந்தன.

நிறம் வந்துவிட்டதாலேயே நோய் உறுதியாவதில்லை. வைரஸை வளர்த்த மனித அணுக்களின் மிச்சமும் பரப்பில் இருந்ததால், வைரஸுக்குத் தொடர்பில்லாத எதிர்ப்பொருளும் ஒட்டிக்கொள்ளும். கான்ஜுகேட் அதையும் காட்டிவிடும். ஆகவே மாதிரிகள் அமெரிக்காவுக்குப் போய் வெஸ்டர்ன் பிளாட் முறையில் உறுதிசெய்யப்பட்டன. அந்த முறையிலும் வைரஸ் புரதங்களைத் தனித்தனிக் கோடுகளாகப் பிரித்தபின் கடைசியில் இடுவது குறியிட்ட இரண்டாம் எதிர்ப்பொருளைத்தான். இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது இப்படி நிலைபெற்றது.

பின்வந்த எச்.ஐ.வி. சோதனைகள் குறியை வைரஸ் புரதத்துக்கே மாற்றி இரண்டாம் எதிர்ப்பொருளைக் கைவிட்டன. புதிய நோய் வந்தால் விரைவில் சோதனை அமைக்க மட்டும் பழைய கட்டமைப்பே கைகொடுக்கிறது. 2020 மே மாதம் புனே தேசிய வைராலஜி நிறுவனம் உருவாக்கிய ‘கோவிட் கவச்’ எலிசாவில், கொரோனா வைரஸ் பூசிய குழியில் மனிதரின் ஐ.ஜி.ஜி. வகை எதிர்ப்பொருளைப் பெராக்சிடேஸ் கான்ஜுகேட்டே காட்டியது. அவ்வாண்டு மே, ஜூன் மாதங்களில் 70 மாவட்டங்களில் சுமார் 28,000 பேரிடம் நடந்த முதல் தேசிய இரத்த ஆய்வு இதையே கொண்டது. சென்னை, கோயம்புத்தூர், திருவண்ணாமலை மாவட்டங்கள் அதில் இடம்பெற்றன.