அழற்சிச் சமிக்ஞை நொதிகள்

கிருமி நுழைந்த செய்தியையோ திசு காயப்பட்ட செய்தியையோ செல்லின் ஏற்பிகளிடமிருந்து பெற்று உட்கரு வரை கடத்தி, அழற்சியைத் தொடக்கியும் அடக்கியும் வைக்கும் நொதிகள். இவற்றுள் தலையாயவை கைனேஸ்கள். செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏ.டி.பி.யிலிருந்து ஒரு பாஸ்பேட்டை எடுத்து வேறொரு புரதத்தில் ஏற்றுவது இவற்றின் வேலை. பாஸ்பேட் ஏறியதும் அப்புரதத்தின் வடிவமும் செயலும் மாறும். பாஸ்படேஸ் நொதிகள் அதை நீக்கிப் பழைய நிலைக்குக் கொண்டுவரும். மனித மரபணுத் தொகுதியில் 518 கைனேஸ்கள் இருப்பதாக 2002இல் கணக்கிடப்பட்டது.

வரலாறு

இத்துறையின் வேதியியல் அடித்தளத்தில் சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகடா சுப்பாராவுக்குப் பங்குண்டு. 1895இல் பீமவரத்தில் பிறந்த அவர், ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்குடன் சேர்ந்து, பாஸ்பரஸின் அளவை நீல நிறத்தின் அடர்த்தியைக் கொண்டு கணிக்கும் முறையை 1925இல் வெளியிட்டார். அம்முறையின் துணையோடு இருவரும் தசையில் பாஸ்போகிரியேட்டினை 1927இலும் ஏ.டி.பி.யை 1929இலும் கண்டறிந்தனர். அதே 1929இல் ஜெர்மனியின் கார்ல் லோமனும் ஏ.டி.பி.யைத் தனியே கண்டறிந்தார்.

பாஸ்பேட் ஏறினால் ஒரு நொதி செயல்படத் தொடங்கும், இறங்கினால் அடங்கும் என்பதை எட்மண்ட் ஃபிஷரும் எட்வின் கிரெப்ஸும் 1950களின் நடுவில் தசை ஆய்வில் காட்டினர். அதற்கான நோபல் பரிசு 1992இல்தான் வந்தது. இதற்கிடையே 1986இல் ரஞ்சன் சென்னும் டேவிட் பால்டிமோரும் என்.எஃப். கப்பா பி என்ற புரதத்தை அறிவித்தனர். அழற்சி மரபணுக்களை இயக்குவதில் முன்நிற்பது இதுவே என்பது பின்னர் தெளிவாயிற்று. ஜானஸ் கைனேஸ்கள் 1989 முதல் ஒவ்வொன்றாக அடையாளம் காணப்பட்டன. அழற்சியைத் தூண்டும் பி38 கைனேஸ் 1994இல் வெளிப்பட்டது. என்.எஃப். கப்பா பி-யை விடுவிக்கும் ஐ.கே.கே. நொதி 1996–97இல் பிரித்தறியப்பட்டது.

செயல்முறை

ஓய்விலிருக்கும் செல்லில் என்.எஃப். கப்பா பி-யை ஐ கப்பா பி என்ற புரதம் உட்கருவுக்குள் போகவிடாமல் பிடித்துவைத்திருக்கும். கிருமியின் கூறு ஏற்பியில் பட்டதும் ஐ.கே.கே. நொதி ஐ கப்பா பி-யில் பாஸ்பேட்டை ஏற்றும். அடையாளமிடப்பட்ட ஐ கப்பா பி சிதைக்கப்பட, விடுபட்ட என்.எஃப். கப்பா பி உட்கருவை அடைந்து டி.என்.எஃப்., இன்டர்லூக்கின்-6 முதலான, செல்களிடையே செய்தி கடத்தும் சைட்டோகைன்களுக்கான மரபணுக்களை இயக்கும். அது இயக்கும் மரபணுக்களுள் ஐ கப்பா பி-யின் மரபணுவும் ஒன்று. அழற்சியைத் தொடங்கும் கையே அதன் தடையையும் உருவாக்கிவிடுகிறது.

வெளியேறிய இன்டர்லூக்கின்-6 அண்டைச் செல்களின் ஏற்பிகளில் சேரும்போது ஜானஸ் கைனேஸ்கள் ஸ்டாட் புரதங்களில் பாஸ்பேட்டை ஏற்ற, செய்தி அங்கும் உட்கருவை எட்டுகிறது. இங்கும் சாக்ஸ் என்னும் தடைப் புரதங்கள் உண்டு. இத்தடைகள் தளரும்போதோ தூண்டுதல் ஓயாதபோதோ அழற்சி நாட்பட்டதாகிறது.

சிக்குன்குனியா

நாட்பட்ட அழற்சியைத் தமிழகம் நெருக்கமாக அறிந்தது சிக்குன்குனியாவில். 1964இல் சென்னையிலும் வேலூரிலும் பரவிய இந்நோய், 2005 இறுதியில் ஆந்திரத்தில் மீண்டும் தலைகாட்டி 2006இல் தமிழகத்தையும் பற்றியது. அவ்வாண்டு நாடெங்கும் 13 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு இந்நோய் இருப்பதாகச் சந்தேகிக்கப்பட்டது. காய்ச்சல் சில நாளில் விட்டாலும் கணுக்கால், முழங்கால், விரல் மூட்டுகளின் வலியும் வீக்கமும் சிலருக்கு மாதக்கணக்கில் நீடிக்கும்.  நீடித்த மூட்டுவலி உடையோரின் இரத்தத்தில் இன்டர்லூக்கின்-6 கூடுதலாக இருப்பதைச் சிங்கப்பூர் ஆய்வொன்று 2011இல் பதிவுசெய்தது.

மருந்துகள்

அழற்சியைத் தணிக்க பி38 கைனேஸின் தடுப்பான்கள் பெரிதும் எதிர்பார்க்கப்பட்டன. ஆனால் முடக்குவாதச் சோதனைகளில் அவற்றின் பயன் நிலைக்கவில்லை. கல்லீரல் பாதிப்பும் தென்பட்டது. ஜானஸ் கைனேஸ் தடுப்பான்களே நிலைபெற்றன. கைனேஸில் ஏ.டி.பி. அமரும் குழிவில் தாம் அமர்ந்து பாஸ்பேட் ஏற்றத்தைத் தடுப்பவை இவை. டோஃபாசிடினிப் 2012இல் அமெரிக்காவில் முடக்குவாதத்துக்கு ஒப்புதல் பெற்றது. கோவிட் இரண்டாம் அலையின்போது, 2021 மே மாதத்தில், இவ்வகைத் தடுப்பான்களுள் மற்றொன்றான பாரிசிடினிப்பை ரெம்டெசிவிருடன் அவசரத் தேவைக்குப் பயன்படுத்த இந்தியா அனுமதித்தது.

கிருமியை அடக்கிவைப்பவையும் இதே நொதிகள் என்பதால் இம்மருந்துகள் பழைய காசநோயைக் கிளறிவிடக்கூடும். எனவே சிகிச்சைக்கு முன் மறைந்திருக்கும் காசநோய்க்கான பரிசோதனை கட்டாயமாகக் கருதப்படுகிறது. காசநோய் மிகுந்த இந்தியாவில் இது கூடுதல் கவனம் கோருவது. மாரடைப்பு, இரத்த உறைவு, புற்றுநோய் அபாயம் குறித்தும் 2021இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது. 2022இல் சொரியாசிஸ் நோய்க்கு ஒப்புதல் பெற்ற டியூக்ராவாசிடினிப், ஏ.டி.பி.யின் குழிவைத் தொடாமல் டிக்2 என்ற ஒரே ஜானஸ் கைனேஸின் கட்டுப்பாட்டுப் பகுதியில் பிணைகிறது. தேவையான சமிக்ஞைகளை விட்டுவைத்து ஒன்றை மட்டும் தணிப்பதே இவ்வகை மருந்துகளின் நோக்கம்.