கவனக்குறைவு மிகையியக்கக் குறைபாடும் ஒத்தோர் ஆதரவும்

கவனக்குறைவு மிகையியக்கக் குறைபாடு என்பது மூளை வளர்ச்சியோடு தொடர்புடைய ஒரு குறைபாடு ஆகும். ஆங்கில எழுத்துச் சுருக்கத்தால் இது ஏ.டி.எச்.டி. என்றும் அறியப்படுகிறது. கவனத்தை ஒன்றில் நிலைநிறுத்த இயலாமை, அமைதியாக இருக்க இயலாமை, எண்ணிப் பாராமல் செயற்படுதல் ஆகியன இதன் முதன்மைக் கூறுகள். சிறுவர்களில் ஏறத்தாழ 5 விழுக்காட்டினரிடமும், வளர்ந்தோரில் ஏறத்தாழ 2.5 விழுக்காட்டினரிடமும் இது காணப்படுவதாக ஆய்வுகள் மதிப்பிடுகின்றன. ஒரே வகைச் சிக்கலை எதிர்கொள்வோர் தம் பட்டறிவைப் பகிர்ந்து ஒருவருக்கொருவர் துணைநிற்பது ஒத்தோர் ஆதரவு எனப்படும். மருத்துவத்தோடு சேர்ந்து இதுவும் இக்குறைபாட்டைச் சமாளிக்க உதவுகிறது.

குறைபாட்டின் தன்மை

இக்குறைபாடு உடையோர் சோம்பேறிகள் என்றும் பொறுப்பற்றவர்கள் என்றும் தவறாகக் கருதப்படுவதுண்டு. பிடித்த ஒன்றில் மணிக்கணக்கில் மூழ்கியிருப்பவர் மின்கட்டணம் செலுத்த மறந்துவிடும்போது, "மனம் வைத்தால் முடியும்" என்று பிறர் முடிவு செய்கின்றனர். உண்மையில், கவனத்தை வேண்டிய நேரத்தில் வேண்டிய இடத்துக்குத் திருப்ப இயலாமையே சிக்கல் ஆகும். அமெரிக்க உளவியலாளர் ரசல் பார்க்லி, என்ன செய்வது என்று அறியாமை இதன் சிக்கல் அன்று, அறிந்ததைச் செய்ய இயலாமையே சிக்கல் என்று விளக்கியுள்ளார்.

இக்குறைபாட்டில் மரபுவழியின் பங்கு 70 முதல் 80 விழுக்காடு வரை இருக்கலாம் என்று இரட்டையர் ஆய்வுகள் காட்டுகின்றன. ஆகவே, குழந்தைக்குக் கண்டறியப்படும்போது பெற்றோருள் ஒருவரும் தமக்கு அது இருப்பதை உணர்வதுண்டு. தவறான வளர்ப்போ, இனிப்பு உண்பதோ இதற்குக் காரணம் அன்று.

வரலாறு

கவனச் சிதறலைப் பற்றி இசுக்காட்லாந்து மருத்துவர் அலெக்சாண்டர் கிரைட்டன் 1798 இல் எழுதினார். 1902 இல் இலண்டனில் சியார்ச் இசுட்டில் என்ற குழந்தை மருத்துவர், தன்னைக் கட்டுப்படுத்த இயலாத சிறுவர்களைப் பற்றி விரிவுரைகள் ஆற்றினார். 1937 இல் அமெரிக்க மருத்துவர் சார்லசு பிராட்லி, ஊக்க மருந்து சில சிறுவர்களின் கற்றலை மேம்படுத்துவதைக் கண்டார். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு 1980 இல் இதனைக் கவனக்குறைவுக் குறைபாடு என்று குறித்தது. 1987 இல் தற்போதைய பெயர் வந்தது.

கண்டறிதலும் சிகிச்சையும்

இதனை உறுதிசெய்யும் இரத்தப் பரிசோதனையோ மூளைப் படமோ இல்லை. வாழ்க்கை வரலாற்றைக் கேட்டறிந்தே மருத்துவர் முடிவு செய்கிறார். 2013 இல் வெளியான கையேட்டின்படி, அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தோன்றியிருத்தல் வேண்டும். வீடு, பள்ளி, பணியிடம் போன்றவற்றுள் குறைந்தது இரண்டு இடங்களில் அவை வெளிப்படவும் வேண்டும். உறக்கமின்மை, பதகளிப்பு, தைராய்டுக் கோளாறு ஆகியனவும் இதனைப் போலவே தோன்றலாம். ஓடியாடாது கனவில் ஆழ்ந்திருக்கும் சிறுமியரிடம் இது கண்டறியப்படாமலே போவதுண்டு.

மெத்தில்பெனிடேட்டு போன்ற ஊக்க மருந்துகளும், ஊக்க மருந்து அல்லாத அட்டோமாக்செட்டினும் மருத்துவர் பரிந்துரையின் பேரில் பயன்படுகின்றன. அறிவுசார் நடத்தைச் சிகிச்சை, பெற்றோர் பயிற்சி ஆகியனவும் அளிக்கப்படுகின்றன.

ஒத்தோர் ஆதரவு

1987 இல் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் பெற்றோர் சிலர் சேர்ந்து சாட் என்னும் அமைப்பைத் தொடங்கினர். குழந்தைகளுக்காகத் தோன்றிய இவ்வமைப்பு பின்னர் வளர்ந்தோரையும் உள்ளடக்கியது. 1993 இல் கேட் கெல்லி, பெக்கி ரமுண்டோ ஆகிய இருவர் வளர்ந்தோருக்காக ஒரு நூல் எழுதினர். "அப்படியானால் நான் சோம்பேறியோ முட்டாளோ பைத்தியமோ இல்லையா?" என்பது அதன் தலைப்பின் பொருள். இவ்விருவருக்கும் இக்குறைபாடு இருந்தது.

ஒத்தோர் ஆதரவு பின்வரும் வழிகளில் உதவுகிறது:

* வெட்கம் குறைதல்: பல ஆண்டுகள் தன் குணக்கேடு என்று எண்ணியிருந்த ஒன்று பிறரிடமும் இருப்பதைக் காண்பவர், தன்னைப் பழிப்பதை விடுத்து வழி தேடத் தொடங்குகிறார்.
* உடனிருந்து பணிசெய்தல்: இருவர் நேரிலோ காணொளி வழியாகவோ சேர்ந்திருந்து அவரவர் வேலையைச் செய்கின்றனர். தொடங்க இயலாத வேலையைத் தொடங்க மற்றவரின் இருப்பே தூண்டுதலாகிறது.
* சிறு உத்திகள்: சாவிக்கு ஒரே இடம் ஒதுக்குதல், பெரிய வேலையைப் பத்து நிமிடப் பகுதிகளாகப் பிரித்தல், கைப்பேசியில் நினைவூட்டல் வைத்தல் போன்றவற்றைப் பயன்படுத்திப் பார்த்தவரிடமே கேட்டறியலாம்.
* வாக்குக் கொடுத்தல்: அடுத்த சந்திப்புக்குள் முடிப்பதாகச் சொன்ன வேலைக்கு, அருகிலுள்ள காலக்கெடு ஒன்று கிடைக்கிறது.

அறிந்ததைச் செய்ய இயலாமையே குறைபாடு என்பதால், அறிவுரையைக் காட்டிலும் இத்தகைய உடனடித் துணை பலருக்குப் பயன்படுகிறது.

வரம்புகள்

மருந்து குறித்த ஆய்வுகளோடு ஒப்பிடுகையில் ஒத்தோர் குழுக்கள் பற்றிய ஆய்வுகள் மிகக் குறைவு. இவை சிகிச்சைக்கு மாற்று ஆகா. ஒருவருக்குப் பொருந்திய மருந்தளவு மற்றவருக்குத் தீங்கு செய்யலாம். மருந்தைப் பகிர்வது ஆபத்தானது. பிறர் கதையைக் கேட்டுத் தனக்கும் இக்குறைபாடு உண்டு என்று முடிவு செய்வதும் தவறாகக்கூடும். ஆயினும் அந்த ஐயம் மருத்துவரை நாடப் போதுமான காரணமே. கேட்டதை வெளியில் சொல்லாமை, மருந்தளவு பற்றி அறிவுரை கூறாமை, தற்கொலை எண்ணம் வெளிப்படின் உடனே மருத்துவ உதவிக்கு வழிகாட்டுதல் ஆகியன நல்ல குழுவொன்றின் அடிப்படை விதிகள் ஆகும்.