நான்கு எழுத்துருக் கோப்புகளும் ஒரு செயற்கைக்கோளும்: அந்தமானிலிருந்து தேக்கக வரலாறு

2020 ஆகஸ்ட் 10 அன்று சென்னை–அந்தமான் நிகோபார் கடலடி வடம் திறக்கப்படும் வரை, அத்தீவுகளின் இணையம் செயற்கைக்கோளையே நம்பியிருந்தது. புவிநிலைச் செயற்கைக்கோள் 35,786 கி.மீ. உயரத்தில் நிற்பது. போர்ட் பிளேரிலிருந்து (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) ஒரு கோரிக்கை மேலேறிச் சென்னையில் இறங்கி, மறுமொழி அதே வழியில் திரும்ப ஏறத்தாழ அரை வினாடி ஆகும். அலைக்கற்றையைக் கூட்டினாலும் இந்த அரை வினாடி குறையாது. ஒளியின் வேகம் வகுத்த எல்லை அது.

தேக்ககத்தின் வரலாற்றை இவ்விடத்திலிருந்து வாசிப்பது பயன் தரும். ('கேச்' என்பதற்குப் 'பதுக்ககம்' என்றொரு சொல்லும் உண்டு. பதுக்கல் வணிகரை நினைவூட்டுவதால் அதனை நான் தவிர்க்கிறேன்; மூலமான பிரெஞ்சுச் சொல்லின் பொருளோ மறைத்து வைத்தலே!)

1996இல் ஆவணப்படுத்தப்பட்ட எச்.டி.டி.பி. 1.0 நெறிமுறையில், உலாவி தன்னிடமுள்ள கோப்பு மாறியுள்ளதா என வழங்கியிடம் வினவலாம். மாறவில்லையெனில் '304' என்னும் சிறு விடை வரும். பைட்டுகள் மிச்சமாயின, பயணம் மிச்சமாகவில்லை. ஆண்டுக்கணக்கில் மாறாத நான்கு தமிழ் எழுத்துருக் கோப்புகள் உள்ள பக்கத்தில், தீவுவாசியின் உலாவி நான்கு முறை வினவி, நான்கு முறையும் 'இல்லை' என்ற விடையைப் பெறும். 1997இல் வந்த 1.1 பதிப்பின் 'மேக்ஸ்-ஏஜ்' குறிப்பு அவ்வினாவைத் தவிர்க்க வழி செய்தது. இத்தனை வினாடிகளுக்குக் கேட்கவே வேண்டாம் என வழங்கி முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. கோப்பு மாறினால் அதன் பெயரையே மாற்றிவிடுவது வழக்கமாயிற்று.

இங்கு ஒரு வேறுபாடு பெரும்பாலும் கவனிக்கப்படுவதில்லை. சென்னை வழங்கியின் நினைவகத்தில் கோப்பைத் தேக்குவது அவ்வழங்கியின் சுமையையே குறைக்கும். தீவுக்கான தொலைவைக் குறைக்காது. தீவிலேயே ஸ்குவிட் போன்ற இடைநிலைத் தேக்ககத்தை நிறுவலாம் என்ற வழியும், எச்.டி.டி.பி.எஸ். பரவியபின் பெரிதும் அடைபட்டது. மறையாக்கம் செய்யப்பட்ட கோப்பை இடைநிலைக் கணினியால் அடையாளம் காண இயலாது. எஞ்சியது, பெருநிலத்து நிருவாகி அமைப்புக் கோப்பில் எழுதும் அந்த ஒற்றை வரி. அதை எழுதாமல் விட்டவருக்குச் சென்னையில் எவ்விழப்பும் தெரியாது.

ஏறத்தாழ 2,300 கி.மீ. வடத்தில் ஒளி சென்று திரும்ப 23 மில்லி வினாடி போதும். ஆயினும் அவ்வடம் கரையேறும் தீவுகளின் பட்டியலில் ஸ்வராஜ் தீவு, லாங் தீவு, ரங்கத், சிறிய அந்தமான், கார் நிகோபார், கமோர்ட்டா, பெரிய நிகோபார் ஆகியவை உள்ளன. 1964 ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழர்கள் இரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்ட கச்சால் அதில் இல்லை.