முதல் துப்பாக்கி: ஓர் எளிய கருவியின் கதை

1907ஆம் ஆண்டு டிசம்பர் மாதம். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், சான் அன்டோனியோ நகரின் திடல் ஒன்றில் அடால்ஃப் டாப்பர்வைன் என்னும் குறிசுடும் வித்தைக்காரர் பத்து நாட்கள் நின்று சுட்டார். உதவியாளர்கள் இரண்டேகால் அங்குல அளவுள்ள மரக்கட்டைகளை ஒவ்வொன்றாக வானில் வீச, அவை தரையைத் தொடுமுன் அவர் சுட வேண்டும். வீசப்பட்டவை 72,500 கட்டைகள். குறி தவறியவை வெறும் 9. அந்தக் கட்டைக் குவியலின் மேல் துப்பாக்கியோடு அவர் அமர்ந்திருக்கும் பழைய புகைப்படம் ஒன்று உண்டு. அறுவடைக் களத்தில் நெற்குவியலின் மீதமர்ந்த குடியானவனைப் போன்ற ஒரு நிறைவு அவர் முகத்தில்.

அவரிடம் சம்பளம் பெற்ற கை இருந்தது. வின்செஸ்டர் நிறுவனத்தின் விளம்பரச் சுடுநர் அவர். ஆயினும் அந்தப் பத்து நாட்களில் அந்நிறுவனம் நிறுவ விரும்பியது மனிதனின் திறமையை மட்டும் அன்று. ‘எங்கள் புதிய துப்பாக்கி இடைவிடாமல் சுட்டாலும் சிக்கிக்கொள்ளாது’ என்பதையும்தான். நாம் இங்குக் காணப்போகும் கதை அந்த வாக்குறுதியின் கதை. ஓர் எளிய குடும்பம் தன் பிள்ளைக்கு வாங்கித் தரக்கூடிய, விலை மலிந்த, நம்பத்தகுந்த முதல் அரைத் தானியங்கித் துப்பாக்கி எவ்வாறு உருவானது? உருவானபின் அது எங்கெல்லாம் போய்ச் சேர்ந்தது?

இலக்கிய இதழ் படிக்கும் நமக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். துப்பாக்கி என்னும் சொல்லே துருக்கியிலிருந்து நம்மிடம் வந்து சேர்ந்த ஒன்று. அதன் பொறியமைப்பின் ஓர் உறுப்புக்குக் ‘குதிரை’ என்று நம் முன்னோர் பெயரிட்டனர். சொல் வந்த வழியே பொருளின் வரலாற்றையும் சற்று நடந்து பார்ப்பதில் தவறில்லை. மேலும், கல்லூரி நாட்களில் என்.சி.சி. முகாமில் மண்ணில் குப்புறப் படுத்து, .22 ரைபிளால் விரல்விட்டு எண்ணத்தக்க சில தோட்டாக்களைச் சுட்டவர்கள் நம்மிலும் பலர் உண்டு. ஒவ்வொரு முறை சுட்டபின்பும் தாழைக் கையால் இழுத்துத் தள்ளியது நினைவிருக்கும். அந்த ஒரு வேலையைத் துப்பாக்கியே செய்துகொண்டால் அது அரைத் தானியங்கி. விசையை ஒருமுறை அழுத்தினால் ஒரு தோட்டாதான் வெடிக்கும். ஆனால் அடுத்த தோட்டா தானாகக் குழலுக்குள் வந்து காத்திருக்கும்.

.22 வகைத் தோட்டாவில் இது வியப்பூட்டும் அளவுக்கு எளிதாக நிகழ்கிறது. 1887இல் உருவான ‘.22 லாங் ரைபிள்’ தோட்டா மெல்லிய விசையுடையது. அதைச் சுடும் துப்பாக்கியில் குழலின் பின்வாயை அடைத்து நிற்கும் தாழைப் பூட்டி வைக்க வேண்டியதில்லை. தாழின் எடையும் அதன் பின்னுள்ள சுருள்வில்லுமே போதும். வெடிப்பின் அழுத்தம் குண்டை முன்னே தள்ளும்போது வெற்றுக் கூட்டைப் பின்னே தள்ளுகிறது. கனத்த தாழ் சற்றுத் தாமதித்தே நகர்கிறது. அந்தச் சிறு தாமதத்தில் குண்டு குழலைவிட்டு வெளியேறிவிடுகிறது. பின்வாங்கிய தாழ் வெற்றுக் கூட்டை எறிந்துவிட்டுத் திரும்பி வரும் வழியில் அடுத்த தோட்டாவைத் தள்ளிக்கொண்டு வருகிறது. உறுப்புகள் சில, ஆகவே கெடுவதற்கும் வாய்ப்புச் சில.

டாப்பர்வைன் கையிலிருந்த வின்செஸ்டர் 1903 இத்தத்துவத்தில் இயங்கியது. வடித்தவர் தாமஸ் கிராஸ்லி ஜான்சன். ஆனால் அன்று ஓர் இடர் இருந்தது. சந்தையில் விற்ற .22 தோட்டாக்கள் பலவற்றில் இன்னும் பழைய கரிமருந்தே நிரப்பப்பட்டிருந்தது. அதன் கசடு தானியங்கிப் பொறியைச் சில சுடுகளிலேயே அடைத்துவிடும். ஆகவே வின்செஸ்டர், புகையற்ற மருந்து நிரப்பிய ஒரு தனித் தோட்டாவை உருவாக்கி, பிற தோட்டாக்கள் நுழையவே முடியாதபடி குழலின் அறையை அமைத்தது. நம்பகத்தன்மை கிடைத்தது; சிக்கனம் போயிற்று. ஊர்க்கடையில் கிடைக்கும் மலிவுத் தோட்டா அந்தத் துப்பாக்கிக்கு ஆகாது. யானையை வாங்குவதைவிட அதற்குத் தீனி போடுவதே பெரும்பாடு என்பார்களே, அதுதான். 1933இல்தான் அந்நிறுவனம் இதைத் திருத்தி, சாதாரண .22 லாங் ரைபிள் தோட்டாவைச் சுடும் மாடல் 63ஐ வெளியிட்டது.

இதற்கிடையில் ஜான் மோசஸ் பிரௌனிங் என்னும் மேதையின் கதை குறுக்கிடுகிறது. யூட்டா மாநிலத்தில் துப்பாக்கி செய்பவரின் மகனாகப் பிறந்த இவர், ஏறத்தாழ இருபதாண்டுகள் தம் வடிவமைப்புகளை வின்செஸ்டருக்கு மொத்த விலைக்கு விற்றுவந்தார். தானியங்கி வேட்டைத் துப்பாக்கி ஒன்றை வடித்தபோது, விற்கும் ஒவ்வொன்றுக்கும் உரிமைத்தொகை வேண்டுமென்று கேட்டார். நிறுவனம் மறுத்தது. 1902 ஜனவரியில் அவர் ரெமிங்டன் நிறுவனத்தின் வாயிலில் ஏறினார். தலைவர் மார்செலஸ் ஹார்ட்லியைச் சந்திக்கக் காத்திருந்தபோதே ஹார்ட்லி மாரடைப்பால் இறந்த செய்தி வந்தது. பிரௌனிங் கப்பலேறி பெல்ஜியம் சென்றார். 1914இல் பெல்ஜியத்தின் எஃப்.என். ஆலையிலிருந்து அவருடைய .22 அரைத் தானியங்கி வெளிவந்தது. 1922இலிருந்து ரெமிங்டனும் அதை மாடல் 24 என்ற பெயரில் செய்தது. கையில் எடுத்தால் வைக்க மனம் வராத மெல்லிய அழகு. ஆனால் இரும்பைக் கட்டியாக எடுத்துக் கடைந்து செதுக்கும் வேலை அது. தொழிலாளியின் கூலி ஏற ஏற அதன் விலையும் ஏறியது. எளியவனின் முதல் துப்பாக்கியாக அது ஆக முடியவில்லை.

இரண்டாம் உலகப்போருக்குப் பின்னர்தான் முடிச்சு அவிழ்ந்தது. ஐந்தாண்டு இடைவெளிக்குள் மூன்று நிறுவனங்கள் மூன்று வேறு வழிகளில் அதை அவிழ்த்தன.

முதல் வழி, பொருளையே மாற்றுவது. ரெமிங்டன் அன்று டியூபாண்ட் என்னும் இரசாயன நிறுவனத்தின் பிடியில் இருந்தது. பெண்களின் காலுறைக்கு நைலானைத் தந்த அதே டியூபாண்ட். 1959இல் கட்டை முழுவதும் நைலானால் வார்க்கப்பட்ட ‘நைலான் 66’ பிறந்தது. வால்நட் மரத்தைத் தடவிப் பார்த்து வாங்கிய தலைமுறை முகம் சுளித்தது. அதற்குப் பதில் சொல்ல ரெமிங்டன் டாப்பர்வைனின் வழியையே நாடியது. டாம் ஃபிரை என்னும் அதன் விற்பனையாளர் அதே ஆண்டு 1,00,010 மரக்கட்டைகளைச் சுட்டு, 6 கட்டைகளை மட்டுமே தவறவிட்டார். நைலான் தானே வழுக்கும் தன்மையுடையது, எண்ணெய் வேண்டாம். எண்ணெய் உறைந்து துப்பாக்கிகள் ஊமையாகும் வடதுருவப் பனியில் வாழ்ந்த வேட்டைக் குடிகளுக்கு அது அருமருந்தானது. பத்து லட்சத்துக்கும் மேல் விற்றது.

இரண்டாம் வழி, இருப்பதையே எளிமையாக்குவது. 1960இல் வந்த மார்லின் மாடல் 60 எந்தப் புரட்சியையும் செய்யவில்லை. குழலுக்கடியில் ஒரு நீண்ட தோட்டாக் குழாய். துருப்பிடிக்காதிருக்க அதன் உட்குழாய் பித்தளையில். தனியாகத் தொலைந்துபோகும் மேகசின் பெட்டி இல்லை. விலை குறைவு. ஒரு கோடிக்கும் மேல் விற்று, அமெரிக்கச் சிறுவர்களின் கட்டிலடியிலும் பண்ணை வீட்டுக் கதவிடுக்கிலும் அது நிரம்பியது.

மூன்றாம் வழி, வில்லியம் ரூகருடையது. 1949இல் அலெக்சாண்டர் ஸ்டர்ம் தந்த 50,000 டாலர் முதலோடு கனெக்டிகட்டில் ஒரு சிறு கொட்டகையில் தொழில் தொடங்கியவர். கடைந்து செதுக்குவதற்குப் பதிலாக வார்ப்பிலும் தகட்டிலும் வேலையை முடிக்கும் கலை அவருக்குக் கைவந்திருந்தது. 1964இல் அவர் வெளியிட்ட 10/22 ரைபிளின் விலை 54.50 டாலர். உடற்பகுதி வார்ப்பு அலுமினியம். குழலை இரு திருகாணிகள் மட்டுமே பிடித்திருந்தன. வீட்டு மேசையில் வைத்தே அதைக் கழற்றி வேறு குழலை மாட்டலாம். பத்துத் தோட்டாக்களைச் சுழல் உருளையில் வைத்த அதன் மேகசின்தான் தனிச்சிறப்பு. ஐரோப்பியப் பழைய மான்லிக்கர் துப்பாக்கியிலும் அமெரிக்கச் சாவேஜிலும் இருந்த பழைய எண்ணமே. ரூகர் அதைக் கழற்றி மாட்டும் சிறு பெட்டியாக்கினார். மேகசின் கெட்டால் அதை மட்டும் மாற்றினால் போதும். முதல் துப்பாக்கி எது என்று அமெரிக்காவில் கேட்டவர்க்கெல்லாம் தலைமுறை தலைமுறையாக அண்டைவீட்டார் சொன்ன விடை பெரும்பாலும் இதுவே.

ஆனால் அந்த அண்டைவீட்டாரிலும் மாற்றுக்குரல் ஒன்று எப்போதும் இருந்தது. ‘பிள்ளைக்கு முதலில் ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கி கொடு’ என்பது அது. ஒரே தோட்டா என்றால் குறிபார்த்த பின்னரே சுடுவான். சுட்டபின் துப்பாக்கி வெறுமையாக இருக்கும். அரைத் தானியங்கியோ ஒவ்வொரு முறை சுட்டபின்பும் மீண்டும் ஆயத்தமாகிவிடுகிறது. கற்றுக்குட்டி அதை மறக்கும் கணமே ஆபத்தின் கணம். சிக்காமல் இயங்குவது சிறப்பு என்றோம். அந்தச் சிறப்பே கவலையாகவும் மாறக்கூடும் என்பதை அந்தப் பழைய தந்தையர் அறிந்திருந்தனர்.

அக்கவலை வீட்டைத் தாண்டி நாட்டின் கவலையாகவும் ஆனது. 10/22 வந்த அதே 1964இல் கோல்ட் நிறுவனம் ஏ.ஆர்.-15 என்னும் மற்றோர் அரைத் தானியங்கியைப் பொதுமக்களுக்கு விற்கத் தொடங்கியது. போர்க்களத்துக்கென வடித்த துப்பாக்கியின் இளைய வடிவம். ஆயினும் ‘ஸ்போர்ட்டர்’ என்றுதான் பெயர். விலை 10/22ஐப் போல மூன்று மடங்குக்கும் மேல். அதற்கு முந்தைய ஆண்டு, அஞ்சலில் வரவழைத்த மலிவு ரைபிளால் அதிபர் கென்னடி கொல்லப்பட்டிருந்தார். 1968இல் அவர் தம்பி ராபர்ட் கென்னடியைக் கொன்றதோ, சிறுவர் தோட்டா என்று செல்லமாக எண்ணப்பட்ட அதே .22, சுட்டது ஒரு கைத்துப்பாக்கி. அவ்வாண்டின் சட்டம் அஞ்சல் விற்பனையைத் தடுத்தது. இறக்குமதியாகும் துப்பாக்கி ‘விளையாட்டு நோக்கங்களுக்கு’ உரியதா என்று பார்க்க வேண்டும் என்றும் சொன்னது. அத்தொடருக்குப் பொருள் வரையறுக்காமலேயே விட்டது.

சொல்லின் பொருளைத் தேடிக் களைப்பது நம் போன்றோரின் பிழைப்பு. இங்கோ ஒரு நாடே அரை நூற்றாண்டுக்கும் மேலாக ஒரு சொல்லின் பொருளுக்காக வழக்காடிக்கொண்டிருக்கிறது. 1994இல் சில வகை அரைத் தானியங்கிகளைத் தடுத்த சட்டம் வந்தபோது, வரையறையால் பிரிக்க இயலாமல், தடைக்கு உட்படாதவற்றின் நீண்ட பெயர்ப்பட்டியலையே சட்டத்தோடு இணைத்தனர். பிரௌனிங்கின் .22, மார்லின் 60, ரூகர் 10/22 மூன்றும் அதில் உள்ளன. 10/22க்கு மட்டும் ‘மடக்குக் கட்டை இல்லாதது’ என்ற நிபந்தனை. 2004இல் அச்சட்டம் காலாவதியானது. இலக்கணத்தில் விதி சொல்ல முடியாதபோது ‘புறனடை’ சொல்வதை நாம் அறிவோம். இங்குப் புறனடையே விதியைவிட நீண்டுபோயிற்று.

ரூகரின் நிலைப்பாடும் இங்குக் குறிக்கத்தக்கது. 1989இல் அவர் அமெரிக்கக் காங்கிரசுக்கு எழுதிய கடிதத்தில், துப்பாக்கியைத் தடுப்பதற்குப் பதிலாகப் பதினைந்துக்கு மேல் தோட்டா கொள்ளும் மேகசின்களைத் தடுக்கலாம் என்றார். துப்பாக்கிப் பிரியர் பலர் அதை இறுதிவரை மன்னிக்கவில்லை. 2002இல் அவர் மறைந்தார். 2011இல் அவர் நிறுவனமே 10/22க்கு இருபத்தைந்து தோட்டா மேகசினை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

ஒரே துப்பாக்கிக்கு இரு நாடுகள் தந்த இரு விடைகளையும் சொல்ல வேண்டும். 1996 ஏப்ரலில் ஆஸ்திரேலியாவின் போர்ட் ஆர்தரில் ஒருவன் 35 பேரைச் சுட்டுக் கொன்றான். அந்நாடு .22 அரைத் தானியங்கிகளையும் சேர்த்தே கட்டுக்குள் கொண்டுவந்தது. உழவர் போன்ற சிலருக்கு மட்டும், தேவையை நிறுவினால் உரிமம். ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட துப்பாக்கிகளை அரசு விலை கொடுத்து வாங்கி அழித்தது. 2019 மார்ச்சில் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் பள்ளிவாசல்களில் 51 பேர் கொல்லப்பட்டனர். அந்நாடும் அரைத் தானியங்கிகளைத் தடுத்தது. ஆனால் பத்துக்கு மிகாத தோட்டா கொள்ளும்.22ஐ விட்டுவைத்தது. முயல் தொல்லையால் வாடும் பண்ணையாளனின் கருவி அது என்பது அவர்கள் கணக்கு. இரண்டு நாடுகளும் முயலை அறிந்தவை. இரண்டும் பிணங்களை எண்ணியவை. கோட்டை வேறுவேறு இடத்தில் கிழித்தன. எது சரி என்று தொலைவிலிருந்து தீர்ப்புச் சொல்ல நாம் துணியவில்லை. ஆயினும், கோடு கிழிக்க முடியும் என்பதையாவது இரண்டும் காட்டியுள்ளன.

கடைசியாக ஒன்று. டாப்பர்வைன் காலத்தில் நம்பத்தகுந்த துப்பாக்கி என்பதற்கு, எந்தக் கையில் இருந்தாலும் சிக்காமல் சுடுவது என்று பொருள். பொறியாளர் அதைச் செய்து முடித்தனர். விலையையும் ஐம்பது டாலருக்கு அருகே இறக்கினர். எந்தக் கை என்ற கேள்வியை அவர்கள் கடையிடமும் தந்தையிடமும் சட்டத்திடமும் விட்டுச்சென்றனர். ஒற்றைத் தோட்டாவோடு தொடங்கு என்ற அந்தப் பழைய தந்தை அக்கேள்விக்குத் தம்மால் இயன்ற விடையைச் சொன்னார். பிள்ளை வளர்ந்து, தோட்டாவை எண்ணக் கற்றபின், 10/22 வாங்கித் தந்தவரும் பெரும்பாலும் அவரேதான்.