லயத்துச் சேவலின் சரித்திரம்

"பெட்டைக் கோழி கூவிப் பொழுது விடியுமா?" என்று நம்மவர் ஒரு பழமொழி சொல்லி வைத்துள்ளனர். பெண்ணின் சொல் அம்பலம் ஏறாது என்பதை நிலைநாட்டவே பெரிதும் எடுத்தாளப்பட்ட பழமொழி இது. இதற்குள் சேவலைப் பற்றியும் ஒரு கருத்து அடங்கியிருக்கிறது. பொழுதை அறிவிப்பது சேவல், கூட்டத்தைக் காப்பதும் சேவல், பெட்டைகளின் வேலை முட்டையிட்டுக் குஞ்சு பொரிப்பதோடு முடிந்தது என்பதே அக்கருத்து. இது எவ்வளவு தூரம் உண்மை? இலங்கையின் ஊவா மாகாணத்துத் தேயிலைத் தோட்டங்களை முன்னிறுத்தி இக்கேள்வியை ஆராய விரும்புகிறோம்.

கோழிக்கூட்டைப் பற்றி எழுதுவதா சரித்திரம் என்று பண்டிதர் சிலர் முகம் சுளிக்கலாம். அரசனின் தலைநகருக்குக் கோழி பெயர் கொடுத்தால் சரித்திரம். தொழிலாளியின் வாசலில் மேய்ந்தால் சரித்திரமன்று என்ற கொள்கை நமக்கு உடன்பாடன்று.

சேவல் செய்யும் காவல் எத்தகையது என்பதை முதலிற் காண்போம். முட்டைக்காக மட்டுமே கோழி வளர்ப்பவருக்குச் சேவல் வேண்டியதில்லை. சேவலின்றியும் பெட்டை முட்டையிடும். அம்முட்டை பொரியாது, அவ்வளவே. தீனி தின்றும் முட்டையிடாத ஒரு பறவையை ஏழை வீட்டார் ஏன் வைத்திருக்கிறார்கள்? குஞ்சு வேண்டும் என்பது ஒரு காரணம். கோழிகள் கூண்டிலன்றித் திறந்த வெளியில் மேய்கின்றன என்பது இன்னொரு காரணம். பெட்டைகள் தலை குனிந்து மண்ணைக் கிளறும்போது சேவல் தலை நிமிர்ந்து நிற்கிறது; கழுத்தைச் சாய்த்து ஒரு கண்ணால் வானத்தைப் பார்க்கிறது. எட்டுப் பத்துப் பெட்டைகளுக்கு ஒரு சேவல் போதும் என்பது வளர்ப்பவர் கணக்கு.

பருந்து வானில் தென்பட்டால் அது எழுப்பும் ஒலி வேறு. கீரியோ நாயோ தரைவழி வந்தால் எழுப்பும் ஒலி வேறு. முன்னதைக் கேட்ட பெட்டைகள் புதருக்குள் ஓடிப் பதுங்கும். பின்னதைக் கேட்டால் கழுத்தை நீட்டி நாற்புறமும் நோக்கும். பீட்டர் மார்லர், கிறிஸ்டோபர் எவன்ஸ் முதலிய விஞ்ஞானிகள் 1980களிலும் 1990களிலும் நடத்திய சோதனைகளில் இவ்வுண்மை ஐயத்துக்கிடமின்றி வெளிப்பட்டது. கேட்பதற்குப் பெட்டை எதுவும் அருகில் இல்லாவிட்டால் சேவல் பருந்தைக் கண்டும் குரல் கொடுப்பது வெகுவாகக் குறைகிறது என்பதையும் அவர்கள் கண்டனர்.

ஆனால் இக்காவலுக்கு எல்லையுண்டு. இருளில் சேவலுக்குக் கண் தெரியாது. இரவில் வரும் மரநாய்க்கும் காட்டுப்பூனைக்கும் எதிரில் அதன் கால்முள் பயன்படாது. அப்போது காப்பது தாழிட்ட கூடுதான். பகலிலும் எதிரியின்மேல் பாய்ந்து உயிர்விடும் சேவலும் உண்டு. முதலில் ஓடிவிடும் சேவலும் உண்டு. குஞ்சுகளின் பொருட்டுப் பருந்தையே எதிர்த்துப் பாயும் வீரத்தைப் பெரும்பாலும் தாய்க்கோழியிடமே காண்கிறோம். ஆகவே சேவலின் காவல் முதன்மையாகக் குரல் கொடுக்கும் காவலாகும். அக்குரல் பயன்பட இரண்டு தேவை. ஒன்று, அதைக் கேட்டு ஒருங்கே இயங்கும் கூட்டம். மற்றொன்று, ஓடி ஒதுங்க ஓர் இடம். இவ்விரண்டையும் வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

வீட்டுக் கோழியின் மூதாதை செந்நிறக் காட்டுக்கோழி. தென்மேற்குச் சீனம், வட தாய்லாந்து, மியன்மார் ஆகிய நிலப்பகுதியில் அது மனிதனோடு பழகத் தொடங்கியது என்று 2020ஆம் ஆண்டில் வெளியான மரபணு ஆய்வொன்று காட்டுகிறது. இலங்கைக் காடுகளில் வாழும் காட்டுக்கோழி வேறோர் இனம். இத்தீவையன்றி வேறெங்கும் இயற்கையாக வாழாதது. சிங்கள மக்கள் வளி குக்குளா என்றழைக்கும் அப்பறவையே இலங்கையின் தேசியப் பறவை. லயத்து வாசலில் கூவும் சேவல் அதன் தூரத்து உறவினன். மனிதரின் கைப்பிடித்து நாடு விட்டு நாடு வந்தவன்.

தமிழகத்தில் சேவலுக்குக் கிடைத்த பெருமையோ பெரிது. சோழரின் பழைய தலைநகராகிய உறையூருக்குக் கோழி என்றும் பெயருண்டு. அவ்விடத்தில் ஒரு கோழி யானையை எதிர்த்துப் போரிட்டு விரட்டியதென்றும், அதைக் கண்ட மன்னன் அங்கே நகரமைத்தான் என்றும் கதை வழங்குகிறது. வாரணம் என்ற ஒரே சொல் யானையையும் கோழியையும் குறிப்பது தமிழின் வேடிக்கைகளுள் ஒன்று. விழுப்புரம் மாவட்டத்து அரசலாபுரத்தில், சண்டையில் மாண்ட ஒரு சேவலுக்கு ஏறத்தாழ 1,500 ஆண்டுகளுக்கு முன்னர் நடுகல் எடுத்து, வட்டெழுத்தில் கல்வெட்டும் பொறித்தனர். ஊவாவின் தென்கோடியிலுள்ள கதிர்காமத்தில் கோயில் கொண்டவனும் சேவற்கொடியோனே.

இத்தனை பெருமையும் கொடிக்கும் கல்லுக்கும் உரியவை. திருச்சி, தஞ்சை, புதுக்கோட்டை, மதுரை, சேலம் முதலிய சீமைகளிலிருந்து பஞ்சமும் கடனும் சாதிக் கொடுமையும் துரத்தக் கடல் கடந்தவர்களுக்கு அவற்றில் பங்கு இருக்கவில்லை. கோழி என்னும் பெயர் கொண்ட தலைநகரின் சுற்றுப்புறத்திலிருந்து புறப்பட்டவன், தன் கோழியை வைத்துக்கொள்ள ஒரு முழ நிலமின்றி ஊவா மலை ஏறினான்.

அவன் வந்து சேர்ந்த மண்ணின் வரலாறும் கண்ணீர் வரலாறே. 1817-1818இல் ஊவாவிலும் வெல்லஸ்ஸவிலும் எழுந்த மக்கள் கிளர்ச்சியைப் பிரிட்டிஷ் படை வயலையும் வீட்டையும் எரித்து, கால்நடைகளைக் கொன்று அடக்கியது. பின்னர் 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உரிமைப் பத்திரம் காட்ட இயலாத காட்டையும் தரிசையும் முடிக்குரிய நிலமென்றது. கிராமத்துச் சிங்கள விவசாயி அவ்வாறு இழந்த நிலத்தில் கோப்பி வளர்ந்தது. 1869இல் கோப்பிச் செடியை இலைநோய் பற்றியது. அதன் இடத்தைத் தேயிலை பிடித்தது. 1890இல் தோமஸ் லிப்டன் அப்புத்தளையின் தம்பேத்தன்னைத் தோட்டத்தை வாங்கினார். 1924இல் புகைவண்டி பதுளையை எட்டியது. நிலத்தைப் பறிகொடுத்தவன் சிங்கள விவசாயி; பறிக்கப்பட்ட நிலத்தில் உழைத்தவன் தமிழ்த் தொழிலாளி. இருவரின் கோழிக்கும் பருந்து ஒன்றே என்பதை இருவரும் உணராதிருப்பதில்தான் ஆள்வோரின் நலம் அடங்கியிருந்தது.

தொழிலாளிக்குக் கிடைத்தது லயம். பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பரா ஒன்றில் ஒரு குடும்பம். சுவர் தோட்டத்துடையது, கூரை தோட்டத்துடையது, வாசலும் தோட்டத்துடையது. காய்கறிப் பாத்தி போடவும் மாடு கட்டவும் துரையின் இசைவு வேண்டும். வேலையிலிருந்து நீக்கிப் பற்றுச்சீட்டைக் கொடுத்துவிட்டால் காம்பராவையும் காலி செய்ய வேண்டும். இந்த வாழ்க்கையில் இஸ்தோப்பின் ஓரத்தில் பலகையும் தகரமும் கொண்டு கட்டிய கோழிக்கூடு ஒன்றே, தோட்டத்துப் பதிவேட்டில் ஏறாத சொத்தாக இருந்தது.

அச்சொத்து பெரும்பாலும் பெண்ணின் கையிலிருந்தது. மலையில் கொழுந்து பறித்தவள் அவள். அவளுடைய சம்பளத்தைக் கணவனோ தந்தையோ பெற்றுக்கொள்ளும் வழக்கம் நெடுங்காலம் நிலவியது. ஒரே வேலைநாளுக்கு ஆணுக்குக் கொடுத்த கூலி பெண்ணுக்குக் கிடைக்க 1984ஆம் ஆண்டு வரை காத்திருக்க நேர்ந்தது. அப்படியிருக்க, நாலு முட்டை விற்ற காசும் ஒரு பெட்டை விற்ற காசுமே பல குடும்பங்களில் அவள் தன் கையால் எண்ணிப் பார்த்த காசு. பிள்ளைக்குச் சிலேட்டும் மருந்தும் அந்தக் காசிலிருந்து வந்தன. வீட்டுப் பொருளாதாரம் என்று நூல்கள் எழுதுவோர் இதைக் கணக்கில் எடுப்பதேயில்லை.

அவள் காலையில் பெரட்டுக்குப் போய்விட்டால் பொழுது சாயும்வரை மலையில்தான். கோழிகளைக் காக்க வீட்டில் ஆளில்லை. தேயிலைத் தூரின் அடியில் கீரி நடமாடும். நமுனுகுலை மலைச்சாரலின் பத்தனைப் புல்வெளிக்கு மேல் பருந்து வட்டமிடும். இங்கேதான் சேவலின் அருமை விளங்குகிறது. உழைப்பாளியின் வீட்டுக் காவலுக்குத் தோட்ட நிர்வாகம் ஆள் வைக்கவில்லை. சேவல் சம்பளமின்றி அந்த வேலையைப் பார்த்தது.

அதிகாலையில் ஆட்களை எழுப்பத் தோட்டத்தில் தப்பு முழங்கியது. தப்பு துரையின் நேரத்தை அறிவித்தது. அதற்கு முன்னரே எழுந்து அடுப்பு மூட்டியாக வேண்டிய பெண்ணுக்குச் சேவலே கடிகாரம். வெளிச்சம் கண்டு மட்டுமே சேவல் கூவுவதில்லை, தன் உடலுக்குள் ஓடும் கடிகாரத்தின்படியே விடியலுக்குச் சற்று முன் கூவுகிறது என்று 2013இல் ஜப்பானிய ஆய்வாளர் இருவர் நிறுவினர். சேவல் கூவிப் பொழுது விடிவதில்லை என்பது இதனால் தெளிவு. விடியலின் வேலையைத் தொடங்கி வைத்தவள், பழமொழி இகழ்ந்த அந்தப் பெண்ணே.

இவ்வளவு பயனுள்ள சேவல்தான் வீட்டில் முதலில் உயிர்விடுவதும். கவ்வாத்துக் காலம் வந்தால் கவ்வாத்துச் சாமிக்குச் சேவல். முனியாண்டிக்கும் மதுரை வீரனுக்கும் சேவல். தொழிற்சாலை இயந்திரத்தில் கை அகப்படாதிருக்க ரோதை முனிக்கும் சேவல். கத்தியும் இயந்திரமும் தொழிலாளியின் உடலுக்கு விளைவிக்கும் ஆபத்துக்கு முதலாளி பொறுப்பேற்காத இடத்தில், தெய்வத்திடம் காப்புக் கேட்பதைத் தவிர வேறு வழி என்ன இருந்தது? காணிக்கை எதிர்பார்க்கும் கங்காணியும் இருந்தார், தீபாவளியும் வந்தது. பெட்டையைக் கொன்றால் முட்டை போகும். ஆகவே சேவலை அறுத்தார்கள். கடவுளுக்கும் கங்காணிக்கும் கொடுத்தது போகக் காவலின்றி நின்ற பெட்டைகளைப் பருந்து கொண்டுபோயிற்று. வறுமை என்பது இல்லாமை மட்டுமன்று. இருப்பதைக் காக்கும் சாதனத்தையே விற்றோ பலியிட்டோ வாழ நேரும் நிலைமையும் வறுமையே.

குரல் கொடுக்கும் காவலுக்கு ஒருங்கே இயங்கும் கூட்டம் வேண்டும் என்றோம். மனிதரிடையே அத்தகைய கூட்டத்தை ஊவா கண்ட ஆண்டு 1940. தோட்டங்களெங்கும் வேலைநிறுத்தம் பரவிய அவ்வாண்டில் பதுளைப் பகுதியின் வேவஸ்ஸ தோட்டத் தொழிலாளர், லங்கா சமசமாஜக் கட்சியின் வழிகாட்டுதலில் தம்முள் தேர்ந்தெடுத்த குழுவொன்றை அமைத்தனர். தொழிலாளர் குழுவைக் கலந்துகொண்டே நிர்வாகம் நடத்த அங்கிருந்த துரை ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. கொழுந்துக் கூடை சுமப்போரில் பெரும்பகுதியினர் பெண்களே. அவர்கள் கூடையை இறக்கி வைக்காமல் எந்தத் தோட்டத்திலும் வேலைநிறுத்தம் வென்றதில்லை. பெட்டைக் கோழி கூவியும் பொழுது விடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

ஆயினும் இரண்டாவது தேவையாகிய இடம் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. கிடைக்காதது மட்டுமன்று, நாடே இல்லையென்றாயிற்று. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. அடுத்த ஆண்டு வாக்குரிமையும் பறிபோயிற்று. 1964இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கென்றும் 3,00,000 பேரை இலங்கைக்கென்றும் பங்கிட்டது. 1,50,000 பேரின் கதி பத்து ஆண்டுகள் தொங்கலில் நின்றது. பதுளையில் வண்டியேறித் தலைமன்னாரில் கப்பலைப் பிடித்தவர்கள் பெட்டி படுக்கையைக் கொண்டுபோனார்கள். கோழியைக் கொண்டுபோக முடியுமா? அடுத்த காம்பராக்காரிக்குக் கொடுத்தார்கள், அல்லது வந்த விலைக்கு விற்றார்கள். மனிதரை எண்ணிப் பங்கிட்ட ஒப்பந்தத்தில் இத்தகைய கணக்குக்கு இடமேது?

இடமின்மையின் கொடுமையை அண்மைக் காலத்தில் உலகுக்குக் காட்டியது கொஸ்லந்தைக்கு அருகிலுள்ள மீரியபெத்தை. 2014ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள் காலையில் அங்கே மலை சரிந்து லயங்களை மூடியது. பள்ளிக்குப் போயிருந்த பிள்ளைகளுள் சிலர் திரும்பி வந்தபோது வீடுமில்லை, பெற்றோருமில்லை. எச்சரிக்கை இல்லாமற் போகவில்லை. அவ்விடம் அபாயமானது, மக்களை அகற்ற வேண்டும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் தெரிவித்திருந்தது. குரல் எழும்பியது, ஆனால் ஓடி ஒதுங்க இடம் எங்கே? சொந்த நிலமில்லாதவனிடம் "இங்கிருந்து போய்விடு" என்று சொல்வது, புதரில்லாத வெட்டவெளியில் சேவல் குரல் கொடுப்பதை ஒக்கும். அழிவு நேர்ந்த பின்னர், 2016இல், பூனாகலைப் பகுதியில் 75 வீடுகள் கட்டிக் கொடுக்கப்பட்டன.

2015க்குப் பின் 7 பேர்ச்சஸ் காணியுடன் தனிவீடு என்னும் கொள்கை நடைமுறைக்கு வந்தது. இந்திய அரசின் உதவியோடும் வீடுகள் எழுந்தன. அவை வரவேற்கத்தக்கவை. ஆனால் லயத்திலேயே இன்னமும் ஏராளமான குடும்பங்கள் வாழ்கின்றன. தோட்டங்கள் 1970களில் அரசுடைமையானபோதும், 1992இல் நிர்வாகம் மீண்டும் கம்பெனிகளிடம் போனபோதும், வாசல் யாருடையது என்ற கேள்வி கேள்வியாகவே நின்றது.

கோழி வளர்ப்பைச் சுயதொழில் என்று புகழ்ந்து குஞ்சுகளை இலவசமாக வழங்கும் திட்டங்களை எங்கும் காண்கிறோம். குஞ்சு கொடுப்பது எளிது. அது மேயும் நிலத்தைக் கொடுப்பதுதான் அரசியல்.

ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் ஒரு வார்த்தை. மலையகத்தின் சரித்திரம் சட்டங்களிலும் ஒப்பந்தங்களிலும் மட்டும் எழுதப்பட்டிருக்கவில்லை. உங்கள் வகுப்பிலிருக்கும் பிள்ளைகளின் பாட்டிமாரிடம், எத்தனை கோழி வளர்த்தீர்கள், சேவலை எப்போது அறுத்தீர்கள், முட்டைக் காசை என்ன செய்தீர்கள், லயத்தை விட்டுப் போனபோது கூட்டை யாரிடம் கொடுத்தீர்கள் என்று கேட்டு எழுதச் சொல்லுங்கள். அந்தக் குறிப்பேடுகள் சேரும்போது நம் மக்களின் சரித்திரத்தில் விடுபட்டுப்போன ஓர் அத்தியாயம் நிறைவுறும்.

சேவல் தன் கடமையைச் செய்தே வருகிறது. கேட்கும் கூட்டமும் இருக்கிறது. அக்கூட்டத்துக்கு உரிய நிலத்தைப் பெற்றுத் தரும் போராட்டத்தில் நம் பங்கு என்ன என்பதே நம் முன்னுள்ள கேள்வி.