கூரைக்குள் புதைந்த விளக்கு

மாணவர்களே, விளக்கின் வரலாறு என்றதும் நம் பாடநூல்கள் 1879-ஆம் ஆண்டையும் எடிசனின் பெயரையும் சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குச் சென்றுவிடுகின்றன. அது விளக்குப் பிறந்த கதையேயன்றி, விளக்கு வாழ்ந்த கதையன்று. ஒரு கருவி வீட்டுக்குள் புகுந்தபின் அங்கே என்ன செய்தது, வீடு அதனை எவ்வாறு மாற்றியது என்று காண்பதும் வரலாற்று மாணவனின் கடமையே. இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சிறியது. அமெரிக்க நாட்டு வீடுகளின் மேல்தளத்துள் பதித்து வைக்கப்பெற்ற விளக்குகள் எல்.ஈ.டி. விளக்குகளுக்கு இடம்விட்டு விலகிய வரலாறே அது.

முதலில் அவ்வீட்டின் அமைப்பை நீங்கள் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். கான்கிரீட் தளம் இட்ட வீடுகளில், அண்ணாந்து பார்த்தால் தெரியும் தளமே கூரையும் ஆகும். அமெரிக்காவில் பெரும்பாலான வீடுகள் மரச்சட்டங்களால் ஆனவை. சட்டங்களின் அடியில் ஜிப்சப் பலகைகளை அறைந்து அறையின் மேல்தளம் அமைப்பர். அதற்கு மேலே சாய்வான கூரை. இரண்டுக்கும் இடையே உள்ள வெற்றிடத்தைப் பரண் என்று நாம் கொள்ளலாம். அப்பலகையில் வட்டமாக ஒரு துளையிட்டு, பரணுக்குள் ஓர் உலோகக் குடுவையைப் பொருத்தி, அதனுள் விளக்கை மாட்டிவிட்டால், கீழே இருப்போர்க்கு ஒரு வளையமும் அதனின்று இறங்கும் ஒளியும் மட்டுமே தெரியும். விளக்கு தெரியாது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் நகரப் புறங்களில் எழுந்த வீடுகளில் இவ்வகை விளக்கு வேரூன்றியது. தாழ்ந்த தளத்தில் தொங்குவிளக்கு இடைஞ்சல். புதைவிளக்கோ தலையில் இடிப்பதில்லை. ரிச்சர்டு கெல்லி போன்ற ஒளியமைப்பு வல்லுநர்கள், விளக்கைக் காட்டாமல் ஒளியைக் காட்டுவதே கலை என்ற எண்ணத்தைப் பரப்பிய காலமும் அதுவே. அழகில் குறையொன்றும் இல்லை. ஆனால் அவ்விளக்கின் இயல்பை ஒருவரும் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

எடிசன் மரபில் வந்த இழைவிளக்கு உண்மையில் ஓர் அடுப்பு என்றே சொல்ல வேண்டும். வெண்சூடேறிய டங்ஸ்டன் இழை, தான் பெறும் மின்னாற்றலில் பத்தில் ஒரு பங்கைக்கூடக் கண்ணுக்குப் புலனாகும் ஒளியாக்குவதில்லை. எஞ்சியதெல்லாம் வெப்பம். புதைவிளக்குகளில் மிகுதியாகப் பயன்பட்டது 65 வாட் விளக்கு. அறையின் நடுவே தொங்கும் விளக்காயின் இவ்வெப்பம் காற்றில் கலந்து போகும். குடுவைக்குள் அடைபட்ட விளக்கின் வெப்பம் எங்கே போகும்? அது வெளியேறும்பொருட்டுக் குடுவையில் துளைகள் வைத்தார்கள். வெப்பம் பரணுக்குள் சென்றது. எரிபொருள் மலிந்திருந்த காலமாதலின் கேட்பாரில்லை.

1973-ஆம் ஆண்டு அக்டோபரில் அரபு நாடுகள் அமெரிக்காவுக்கு எண்ணெய் அனுப்புவதை நிறுத்தின. சில திங்களுக்குள் எண்ணெயின் விலை ஏறத்தாழ நான்கு மடங்காயிற்று. குளிர்நாட்டவர்க்கு எண்ணெய் என்பது வாகனத்துக்கு மட்டும் உரியதன்று. பனிக்காலத்தில் வீட்டைச் சூடாக வைத்திருப்பதும் அதுவே. வெப்பம் வெளியேறாமல் காக்கப் பரண்களில் கண்ணாடி இழைப் பஞ்சைப் பரப்பினார்கள். காகிதக் கூழிலிருந்து செய்த பஞ்சையும் குழாய் வழியே ஊதி நிரப்பினார்கள். 1978-இல் நிறைவேறிய சட்டமொன்று இச்செலவில் 15 விழுக்காட்டை வரியில் கழித்துக்கொள்ளவும் இடம் தந்தது. நல்ல செயலே. ஆயினும் பஞ்சு விரித்த கைகள் விளக்குக் குடுவைகளின் மீதும் விரித்துவிட்டன. வெளியேற வழியற்ற வெப்பம் கம்பிகளின் உறையைக் கருக்கியது. அருகிலிருந்த மரத்தைக் காய்ச்சியது. தீ விபத்துகள் நேர்ந்தன. எரிபொருளைச் சேமிக்கப் போர்த்திய போர்வையே வீட்டுக்குத் தீங்காய் முடிந்தது.

மின்னமைப்பு விதிகள் இதற்கு இரு வழிகளில் விடை தேடின. குடுவை அளவுக்கு மேல் சூடேறினால் விளக்கைத் தானே அணைத்துவிடும் காப்புக் கருவி வேண்டும் என்பது ஒன்று. பஞ்சு படுவதற்கு ஏற்றதென்று சான்று பெறாத குடுவையாயின், அதனைச் சுற்றி 3 அங்குலத்துக்குள் பஞ்சு இருத்தல் கூடாது என்பது மற்றொன்று. தீயின் அச்சம் குறைந்தது. ஆனால் பஞ்சில்லாத அவ்விடைவெளியும் குடுவையின் துளைகளும் சேர்ந்து பனிக்காலத்தில் புகைபோக்கிபோல் வேலை செய்தன. பணங்கொடுத்துச் சூடாக்கிய காற்று அவற்றின் வழியே மேலேறிப் போயிற்று. கூரைமேல் படிந்த பனி அச்சூட்டில் உருகி வழிந்து, குளிர்ந்த இறவாரத்தை அடைந்ததும் மீண்டும் உறைந்து அணைபோல நின்றது. அதன்பின் தேங்கிய நீர் வீட்டுக்குள் கசிந்தது. ஒரு விளக்கின் துளைக்கும் இறவாரத்தின் உறைபனிக்கும் தொடர்பு உண்டென்று யாரே முதலில் நினைத்திருப்பர்!

குடுவையைத் திருத்தினார்கள், பஞ்சைத் திருத்தினார்கள், விளக்கை மட்டும் நெடுநாள் தொடவில்லை. தொட முயன்ற சட்டமும் தடுக்கி விழுந்தது. 1992-ஆம் ஆண்டின் எரிசக்திச் சட்டம், உட்புறம் ஒளிமறிக்கும் பூச்சுடைய விளக்குகளுக்குத் திறன் அளவு ஒன்றை வகுத்தது. ஆனால் முகம் புடைத்த வடிவுடைய விளக்குகளை விலக்கி வைத்தது. உற்பத்தியாளர்கள் அவ்வடிவையே பெருக்கினர். அவையே புதைவிளக்குக் குடுவைகளை நிரப்பின. 2007-ஆம் ஆண்டுச் சட்டம் அவ்விலக்கை ஓரளவு மூடியது. அப்போதும் புதைவிளக்குக்கு உரிய 65 வாட் விளக்குத் தப்பிவிட்டது. சட்டத்தின் எழுத்துகளை மட்டும் படிப்பவர்க்கு இது விளங்காது. விலக்குப் பட்டியலையும் சேர்த்துப் படித்தல் வேண்டும். வரலாறு பல இடங்களில் அப்பட்டியலிலேதான் ஒளிந்துகொண்டிருக்கிறது.

இடையில் சிறு குழல்விளக்கை, அதாவது சி.எஃப்.எல். என்று நாம் அழைத்ததை, அக்குடுவைக்குள் பொருத்திப் பார்த்தார்கள். தலைகீழாய்த் தொங்கும் அவ்விளக்கின் அடிப்பகுதியில் மின்னணு உறுப்புகள் உள. எழும் சூடு முழுவதும் அவற்றின்மீதே தங்கியது. பல விளக்குகள் உரிய காலத்துக்கு முன்னரே கெட்டன. முழு ஒளி தருவதற்கும் அவை சற்று நேரம் எடுத்துக்கொண்டன. மக்கள் சலிப்படைந்ததில் வியப்பில்லை.

இனி எல்.ஈ.டி. வந்த வழியைச் சுருங்கச் சொல்வேன். 1962-இல் நிக் ஹோலோனியாக் கண்ணுக்குத் தெரியும் சிவப்பு ஒளி தரும் எல்.ஈ.டி.யைச் செய்து காட்டினார். நீல ஒளி கிட்டாதவரை வெள்ளொளி இல்லை. ஜப்பானில் அகாசாகி, அமானோ ஆகியோரின் நீண்ட உழைப்பும், நிச்சியா நிறுவனத்தில் நாகமுராவின் உழைப்பும் 1990-களின் முற்பகுதியில் அதனைக் கைகூட்டின. 2014-இல் இம்மூவரும் இயற்பியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

2007-ஆம் ஆண்டில், வட கரோலினா மாநிலத்துச் சிறு நிறுவனம் ஒன்று, பழைய குடுவைக்குள்ளேயே செருகக்கூடிய எல்.ஈ.டி. விளக்கொன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டே கிரீ என்னும் நிறுவனம் அதனை வாங்கிக்கொண்டது. அவ்விளக்கு 12 வாட் மின்சாரத்தில் ஏறத்தாழ 650 லூமென் ஒளி தந்தது. பழைய 65 வாட் விளக்குத் தந்ததும் அவ்வளவே. மஞ்சள் சார்ந்த ஒளியையும் சிவப்பு ஒளியையும் கலந்து, இழைவிளக்கின் இதமான நிறத்தை அதில் வருவித்திருந்தார்கள். நிறம் பிடிக்காவிட்டால் எவ்வளவு சிக்கனமானாலும் எந்தக் குடும்பமும் அதனைத் தன் உணவறையில் மாட்டாது என்பதை அவர்கள் நன்கறிந்திருந்தனர்.

கணக்கில் ஆர்வமுள்ளோர் எழுதிப் பாருங்கள். ஒரு வீட்டில் இத்தகைய விளக்குகள் பத்து. நாள்தோறும் 4 மணி நேரம் எரிகின்றன. பழைய விளக்காயின் நாளொன்றுக்கு 2.6 யூனிட், ஆண்டுக்கு 949 யூனிட். புதியதாயின் நாளொன்றுக்கு 0.48, ஆண்டுக்கு 175 யூனிட். மிச்சம் இம்மட்டில் முடிவதன்று. வெப்பம் குறைந்தமையால் குடுவைக்குத் துளை வேண்டியதில்லை, துளையை அடைக்கலாம், பஞ்சை நெருக்கிப் பரப்பலாம், காற்றுக் கசிவும் நிற்கும். முப்பது ஆண்டுகளாக ஒன்றையொன்று பகைத்து நின்ற தீக்காப்பும் வெப்பக் காப்பும் ஒருவாறு இணங்கின.

ஆயினும் எல்.ஈ.டி.க்கு வெப்பமே இல்லை என்று யாரேனும் சொன்னால் நம்பற்க. அதற்கும் வெப்பம் உண்டு, அளவில் குறைவு. இழைவிளக்குத் தன் வெப்பத்தைக் கதிராக வெளியே வீசிவிடும். எல்.ஈ.டி.யோ அதனைத் தன் அடிப்பகுதி வழியே கடத்தவேண்டியிருக்கிறது. அவ்வழி அடைபட்டால் ஒளி மங்கும், ஆயுள் குறையும். ஆகவேதான் அடைத்த குடுவைக்குள் சாதாரண எல்.ஈ.டி. பல்பைத் திருகி வைப்பதைவிட, வெப்பத்தைப் பரப்பும் அலுமினிய உடலும் தளத்தோடு ஒட்டும் வளையமும் ஒருங்கே அமைந்த முழு விளக்கைப் பொருத்துவது நன்று என்று கண்டார்கள். பழைய ஒளிகுறைப்பு விசைகளும் தொல்லை தந்தன. பல நூறு வாட் சுமைக்கென அமைந்த விசை, சில பத்து வாட் சுமையைத் தாங்கத் தெரியாமல் விளக்கைச் சிமிட்டச் செய்தது. எனக்குள்ள குறை வேறொன்று. பல்பு போனால் பல்பை மட்டும் மாற்றினோம். இவற்றிலோ உள்ளே ஒரு சிறு உறுப்புக் கெட்டாலும் முழு விளக்கையும் எறியவேண்டியிருக்கிறது.

சட்டம் மெல்ல மெல்ல வந்து சேர்ந்தது. ஒரு வாட்டுக்கு 45 லூமென் தராத விளக்குகளை விற்கலாகாது என்னும் விதியில், முன்பு தப்பிய புடைமுக விளக்குகளையும் சேர்க்க 2017-இல் முடிவாயிற்று. 2019-இல் அம்முடிவு திரும்பப் பெறப்பட்டது. 2022-இல் மீண்டும் வந்தது. 2023 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. 650 லூமெனை 65-ஆல் வகுத்தால் 10. பழைய விளக்கு அத்தேர்வில் தேறாததில் வியப்பென்ன?

கலிபோர்னியா மாநிலம் இன்னும் ஒருபடி முன்னே சென்றது. எடிசன் காலத்துத் திருகாணிப் பிடிப்பு அக்குடுவைகளில் அப்படியே இருந்தது. புதிய விளக்குகளும் ஒரு சிறு கம்பியின் நுனியில் அதே திருகாணியை வைத்துக்கொண்டு அதில்தான் இணைந்தன. 2017 ஜனவரி முதல், புதிதாகக் கட்டும் வீடுகளின் புதைவிளக்குகளில் அத்திருகாணிப் பிடிப்பு இருத்தல் கூடாதென்று அம்மாநிலம் விதித்தது. அப்பிடிப்பு உள்ளவரை, யாரேனும் புதிய விளக்கைக் கழற்றிவிட்டுப் பழைய 65 வாட் பல்பையே மீண்டும் திருகிவிடக்கூடும் அன்றோ?